நபிமார்களின் பெயர்கள்: எபிரேயச் சொல்லும் குர்ஆனின் குறிப்பும்

நஜ்ரானுக்குச் சென்றிருந்த முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களிடம் அவ்வூர்க் கிறிஸ்தவர்கள் ஒரு கேள்வியை எழுப்பினர். நீங்கள் ஓதும் வேதத்தில் மர்யம் 'ஹாரூனின் சகோதரி' என்று விளிக்கப்படுகிறாரே (19:28), மூஸாவும் ஹாரூனும் ஈஸாவுக்கு எவ்வளவோ காலம் முற்பட்டவர்கள் அல்லவா என்பது அவர்கள் கேட்டது. முகீராவுக்கு விடை தெரியவில்லை. மதீனா திரும்பியதும் அண்ணலாரிடம் இதைக் கூறினார். அம்மக்கள் தமக்கு முன் வாழ்ந்த நபிமார்கள், நல்லடியார்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டிக்கொள்ளும் வழக்கம் உடையவர்களாய் இருந்தார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

கேட்டவர்களின் வாயை அடைப்பதற்காகச் சொல்லப்பட்ட சமாதானம் அன்று இது. ஒரு சமுதாயம் எவ்வாறு பெயர் வைத்தது என்பதைப் பற்றிய செய்தி. ஆகவே சான்றுகளைக் கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க இயலும். மர்யம் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகியோரின் சகோதரிக்கு யாத்திராகமம் தரும் பெயர் 'மிர்யாம்' என்பதே. அதே பெயர் ஈஸா (அலை) அவர்கள் காலத்துப் பாலஸ்தீன யூதப் பெண்களிடையே மிகப் பெருவழக்காய் இருந்ததை, எலும்புகளைச் சேமித்து வைத்த கற்பேழைகளின் மீது பொறிக்கப்பட்ட பெயர்கள் காட்டுகின்றன. இன்னொரு சான்று அதனினும் நுட்பமானது. ஸகரிய்யா (அலை) அவர்களின் மனைவியாரை ஹாரூனின் வழிவந்தவர் என்று கூறும் லூக்கா, அவர் பெயரை எலிசபெத் என்கிறார். 'எலிஷெபா' என்னும் எபிரேயப் பெயரின் கிரேக்க வடிவம் அது. ஹாரூன் (அலை) அவர்களின் மனைவிக்கு யாத்திராகமம் (6:23) தரும் பெயரும் எலிஷெபாதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில், ஹாரூனின் குடும்பத்து மூதாட்டியின் பெயர் ஹாரூனின் வழித்தோன்றல் ஒருவருக்கு மீண்டும் சூட்டப்பட்டிருக்கிறது. நஜ்ரான் மக்கள் தம்மிடமிருந்த நூலைச் சற்று ஊன்றிப் படித்திருந்தால் அவர்களுக்கான விடை அதிலேயே இருந்தது.

பெயர்களைப் பற்றிய பேச்சு நம்மிடையே இரண்டு விபரீதங்களுக்கு இடமளித்து வந்துள்ளது. குர்ஆனில் வரும் நபிமார்களின் பெயர்கள் விவிலியப் பெயர்களின் சிதைந்த வடிவங்கள் என்று கீழைத்தேயவியலார் சிலர் எழுதினர். அதற்கு மறுப்பெழுதப் புகுந்த நம்மவருள் சிலர், அப்பெயர்கள் அனைத்தும் தூய அரபுச் சொற்களே என்று நிறுவ முற்பட்டனர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்தனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. பெயரை அது பிறந்த மொழியில் வைத்து அவர்கள் படிக்கவில்லை.

எபிரேயப் பெயர்களின் இயல்பு என்ன? நம் பெயர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். எபிரேயப் பெயர்களுள் பெரும் பகுதி முழு வாக்கியங்கள். எழுவாயும் பயனிலையும் சேர்ந்து ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கும். 'நதன்யாஹு' என்றால் இறைவன் கொடுத்தான் என்பது பொருள். 'எலியாஹு' என்றால் என் இறைவன் யாஹ் என்பதாம். 'மீகாஎல்' ஒரு கேள்வி: இறைவனைப் போன்றவன் யார்? அரபு இலக்கணம் பயின்றோருக்கு வாக்கியமே பெயராவதற்குத் 'தஅப்பத ஷர்ரன்' என்னும் அறியாமைக் காலக் கவிஞனின் பட்டப்பெயர் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது நினைவிருக்கும். தீமையை அக்குளில் இடுக்கிக்கொண்டான் என்று பொருள்படும் அந்தப் பெயர் அரபுகளிடையே ஒரு விந்தை. எபிரேயரிடமோ இத்தகைய அமைப்பே பெருவழக்கு. எபிரேயப் பெயரைப் பொருள் தெரிந்து அழைப்பவன், அழைக்கும்போதெல்லாம் இறைவனைப் பற்றி ஒரு கூற்றை மொழிகிறான்.

இவ்வாக்கியங்களில் இறைவனைக் குறிக்கும் உறுப்பு இரண்டு வகையில் வரும். ஒன்று 'எல்'. இது செமித்திய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். மற்றது, யூதர்கள் வாயால் உச்சரிக்கத் தயங்கும் திருப்பெயரின் சுருக்கமாகிய 'யாஹ்' அல்லது 'யாஹு'. லாகீசு நகரின் இடிபாடுகளில் 1935-இல் கண்டெடுக்கப்பட்ட ஓட்டுச் சில்லுக் கடிதங்கள், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியப் படை யூதா நாட்டை நெருக்கிய நாட்களைச் சேர்ந்தவை. அவற்றில் வரும் ஹோஷயாஹு, கெமர்யாஹு, நேரியாஹு, மத்தன்யாஹு போன்ற பெயர்கள் சாதாரணப் படைவீரர்கள், அலுவலர்களுடையவை. வட நாடாகிய சமாரியாவில் 1910-இல் கிடைத்த, கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓட்டுச் சில்லுகளின் நிலை வேறு. அங்கே யாஹ் என்னும் பெயரோடு அமைந்தவர்களும் 'பஅல்' என்னும் பெயரோடு அமைந்தவர்களும் கலந்து காணப்படுகின்றனர். அரசாங்கக் கணக்கில் எண்ணெயும் திராட்சை மதுவும் அனுப்பியவர்களின் வெறும் பெயர்ப் பட்டியல், அந்நாட்டின் சமயப் பூசலுக்குச் சாட்சியமாகி விடுகிறது.

'பஅல்' என்னும் சொல்லின் வரலாறு தனியே சொல்லத் தக்கது. தலைவன், உடையவன், கணவன் என்பன அதன் பொருள்கள். குர்ஆனிலும் கணவன் என்னும் பொருளில் இச்சொல் வருகிறது. இஸ்ஹாக்கின் நற்செய்தியைக் கேட்ட அன்னை ஸாரா தம் கணவரைச் சுட்டுவது இந்தச் சொல்லால்தான் (11:72). இறைவனையும் 'உடையவன்' என்னும் பொருளில் பழங்கால எபிரேயர் இப்படி அழைத்திருக்கக் கூடும். ஆனால் கானானியரின் மழைத் தெய்வத்துக்கு இதுவே பெயராகி நிலைத்தபின், சொல் கறைபட்டுவிட்டது. தாலூத் மன்னர் என்று நாம் அறியும் சவுலின் மகன் ஒருவனுக்கு 1 நாளாகமம் (8:33) தரும் பெயர் எஷ்பஅல். பஅலின் மனிதன் என்று பொருள். அவனையே 2 சாமுவேல் (2:8) இஷ்போஷெத் என்கிறது, வெட்கத்தின் மனிதன்! பின்வந்த படியெடுப்போர் விக்கிரகத்தின் பெயரை எழுத மனமின்றி, அந்த இடத்தில் வெட்கம் என்னும் சொல்லைப் பெய்தனர் என்பது ஆய்வாளர் கருத்து. இது வெறும் ஊகம் என்று ஒதுக்குவதற்கில்லை. கிர்பத் கெயாஃபா என்னுமிடத்தில் கிடைத்து 2015-இல் வெளியிடப்பட்ட, ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு மண்சாடியின் மீது, இஷ்பஅல் என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவன் வேறொருவனின் மகன். மன்னன் மகன் அல்லன். ஆயினும் அக்காலத்தில் அப்பெயர் வழக்கில் இருந்தது என்பதற்கு அந்தச் சாடி போதும்.

இந்தப் பின்னணியில் நின்று இல்யாஸ் (அலை) அவர்களின் பெயரைப் பார்க்க வேண்டும். எலியாஹு: என் இறைவன் யாஹ், வேறெவனும் அல்லன். குர்ஆன் இந்நபியின் வரலாற்றைச் சில வசனங்களிலேயே சொல்லிவிடுகிறது. அச்சில வசனங்களுக்குள், படைப்பவர்களில் மிக அழகானவனை விட்டுவிட்டுப் பஅலையா அழைக்கிறீர்கள் என்று அவர் தம் மக்களைக் கண்டிப்பது இடம்பெறுகிறது (37:125). அந்த விக்கிரகத்தின் பெயர் குர்ஆனில் வருவது இங்கேதான். பஅல் சேர்ந்த பெயர்கள் பெருகிக் கிடந்த ஒரு நாட்டில், பஅலுக்கு மறுப்பாகவே அமைந்த ஒரு பெயரோடு ஒரு நபி எழுந்தார். அவர் பேசுவதற்கு முன்பே அவர் பெயர் பேசியது.

பெயரின் வலிமையை அறிந்தவர்கள் நபிமார்கள் மட்டுமல்லர், பேரரசர்களும் அறிந்திருந்தனர். யூதாவின் அரியணையில் எலியாக்கீமை அமர்த்திய எகிப்திய ஃபிர்அவ்ன் நெகோ, அவன் பெயரை யெஹோயாக்கீம் என்று மாற்றினான். கி.மு. 597-இல் எருசலேமைப் பிடித்த பாபிலோனிய மன்னன் புக்து நஸ்ஸர், மத்தனியாவைச் சிதேக்கியா ஆக்கினான். விந்தை என்னவெனில், புதிய பெயர்களும் எபிரேயப் பெயர்களே. பொருளை மாற்றுவது அவர்கள் நோக்கமாய் இருக்கவில்லை. பெயரிடும் உரிமை யாருடையது என்று காட்டுவதே நோக்கம்.

இனி, நம் நெஞ்சுக்கு மிக நெருக்கமான பெயருக்கு வருவோம்.

'யிஷ்மாஎல்' என்றால் இறைவன் செவியுறுகிறான். ஆதியாகமத்தின்படி (16:11) அப்பெயர் முதலில் அறிவிக்கப்பட்டது இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அன்று; ஸாராவுக்கும் அன்று. வீட்டைவிட்டுப் பாலை வழியில் ஓடிவந்த ஹாஜர், ஒரு நீரூற்றின் அருகே இருக்கையில் வானவர் வந்து, உனக்கொரு மகன் பிறப்பான், உன் துயரத்தை இறைவன் செவியுற்றான், ஆதலால் அவனுக்கு இப்பெயரிடு என்று அறிவித்ததாக அந்நூல் கூறுகிறது. அடிமைப் பெண்ணாக அந்நூல் சித்திரிக்கும் ஒருத்தியின் அழுகை ஒரு பெயராக உறைந்துவிட்டது. பின்னர் வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளையைப் புதரின் கீழ் விட்டுத் தாய் விலகி அமர்ந்தபோதும், இறைவன் பிள்ளையின் குரலைச் செவியுற்றான் என்றே ஆதியாகமம் (21:17) எழுதுகிறது. பெயரில் உள்ள அதே வினைச்சொல் அங்கே மீண்டும் வருகிறது. எபிரேய வாசகனின் காதில் இது தப்பாது. மொழிபெயர்ப்பில் படிப்போருக்கு இந்த ஒலி கேட்பதில்லை.

குர்ஆன் இப்பெயருக்குப் பொருள் கூறவில்லை. ஆனால் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். பயிரில்லாப் பள்ளத்தாக்கில் தம் சந்ததியைக் குடியமர்த்தியதைச் சொல்லி இறைஞ்சும் இப்ராஹீம் (அலை), முதுமையில் தமக்கு இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் அளித்த அல்லாஹ்வைப் புகழ்ந்து, தம் இரட்சகன் பிரார்த்தனையைச் செவியுறுபவன் என்று முடிக்கிறார்கள் (14:39). அங்கே வரும் சொல் 'ஸமீஉ'. இஸ்மாயீல் என்னும் பெயரின் முதற்பகுதியில் உள்ள வேர் அதுவே. தந்தையும் மகனும் கஅபாவின் அடித்தளத்தை உயர்த்தும்போது செய்த துஆவும் 'அஸ்ஸமீஉல் அலீம்' என்னும் திருநாமங்களில் முடிகிறது (2:127). இஸ்மாயீல் பக்கத்தில் நின்று கல்லெடுத்துக் கொடுக்க, இறைவா, நீயே செவியுறுபவன் என்று தந்தை சொல்லும் காட்சியில், மகனின் பெயரும் துஆவும் ஒரே சொல்லாக ஒலிக்கின்றன. ஸமீஉ என்னும் திருநாமம் குர்ஆனில் பலவிடங்களில் வருவது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. பிரார்த்தனையைச் செவியுறுபவன் என்னும் தொடரை ஸகரிய்யா (அலை) அவர்களும் பிள்ளை வேண்டும்போது ஆள்கிறார்கள் (3:38). எனவே இதனை ஆதாரம் என்று வலியுறுத்தாமல், ஓர் இயைபு என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம். ஆயினும் ஸஃபா, மர்வாவுக்கிடையே ஓடும் ஒவ்வொரு ஹாஜியும் அன்னை ஹாஜரின் ஓட்டத்தை நினைக்கையில், அந்த ஓட்டத்துக்கு விடையாகவே அம்மகனின் பெயர் அமைந்திருக்கிறது என்பதை அறிந்து ஓடுவது வேறொரு அனுபவமல்லவா?

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இஸ்மாயீல் என்னும் பெயரை யூதர்கள் வெறுத்து ஒதுக்கினர் என்று நம்மிடையே சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. யூதாவின் அரச குலத்தில் நெதனியாவின் மகன் ஒருவன் இப்பெயர் தாங்கியிருந்தான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர்களுள் தலைசிறந்தவராக விளங்கியவர் ரப்பி இஷ்மாஎல் பின் எலீஷா. ஹாஜரின் மகன் பெயர் என்று தெரிந்தேதான் அவர்கள் பெற்றோர் அதைச் சூட்டினர்.

இஸ்ஹாக் என்னும் பெயரின் எபிரேய மூலம் 'யிட்ஸ்ஹாக்': அவன் சிரிக்கிறான். குர்ஆனில் வானவர்கள் வந்திருந்தபோது இப்ராஹீமின் மனைவியார் நின்றுகொண்டிருந்தார், சிரித்தார், இஸ்ஹாக்கைப் பற்றியும் இஸ்ஹாக்குக்குப் பின் யஃகூபைப் பற்றியும் நற்செய்தி கூறப்பட்டது என்று வருகிறது (11:71). அங்குள்ள சொல் 'ளஹிகத்'. ஏன் சிரித்தார் என்று முஃபஸ்ஸிர்கள் பல கருத்துகளைச் சொன்னார்கள். லூத்தின் மக்கள் அழியப்போவதை எண்ணிச் சிரித்தார் என்றனர் சிலர். அச்சம் நீங்கியதால் என்றனர் வேறு சிலர். சிரித்தார் என்பதே அன்று, மாதவிடாய் கண்டார் என்பதே பொருள் என்றும் ஓர் உரை உண்டு. இவற்றையெல்லாம் தொகுத்துத் தரும் தபரீயின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் பிள்ளையின் பெயரே சிரிப்பு என்று எபிரேயம் அறிந்த ஒருவர் அருகிருந்து சொல்லியிருந்தால், இந்த விவாதம் இவ்வளவு நீண்டிருக்காது.

அதே வசனம் யஃகூபை 'இஸ்ஹாக்குக்குப் பின்' என்று குறிப்பது இன்னொரு நுட்பம். இரட்டையருள் இளையவராக, மூத்தவனின் குதிகாலைப் பிடித்தவாறு பிறந்ததால் யஃகூப் என்று பெயர் வந்ததாக ஆதியாகமம் (25:26) கூறும். குதிகாலுக்கு எபிரேயத்தில் 'ஆகேப்', அரபியில் 'அகிப்'; பின்தொடர்தல் என்னும் பொருளும் அவ்வேரிலேயே உண்டு. ஆனால் கல்வெட்டுகள் வேறொன்றையும் சொல்கின்றன. எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் மன்னர்களுள் ஒருவன் பெயர் யஃகூப்ஹர் என்று முத்திரைகளில் காணப்படுகிறது. பழைய மேற்குச் செமித்திய வழக்கில் இவ்வேருக்குக் காத்தல் என்னும் பொருள் இருந்தது என்றும், 'இறைவன் காப்பானாக' என்பதே இப்பெயரின் முதற்பொருள் என்றும் மொழியியலார் கருதுவர். அகராதி சொல்லும் பொருள் ஒன்று, வரலாற்றோடு சேர்ந்து அந்தக் குடும்பம் நினைவில் வைத்திருந்த பொருள் வேறொன்று. இரண்டும் உண்மையாய் இருக்கலாம்.

ஸூரா மர்யமின் தொடக்கம் இவ்வகையில் மிகச் செழிப்பானது. ஸகரிய்யா என்னும் பெயர் எபிரேயத்தில் 'ஸெகர்யாஹ்', இறைவன் நினைவுகூர்ந்தான். தனி எழுத்துகளுக்கு அடுத்து வரும் முதற்சொல்லே 'திக்ரு': உம் இரட்சகன் தன் அடியார் ஸகரிய்யாவுக்குச் செய்த அருளின் நினைவுகூரல் இது என்று அத்தியாயம் திறக்கிறது (19:2). எபிரேயத்தின் 'ஸகர்' அரபியின் 'தகர' ஆகும். இரண்டும் ஒரு வேர். மகனின் பெயரோ இன்னும் வியப்புக்குரியது. யஹ்யா (அலை) அவர்களைக் கிறிஸ்தவர் யோவான் என்பர். அதன் மூலம் 'யோஹானான்'. இறைவன் கனிவுகூர்ந்தான் என்று பொருள். குர்ஆன் யஹ்யாவைப் பற்றிச் சொல்லும்போது, நம்மிடமிருந்து 'ஹனான்' அவருக்கு வழங்கினோம் என்கிறது (19:13). குர்ஆன் முழுவதிலும் இச்சொல் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. ஹனான் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஆணையிட்டுக் கூறியதாகத் தபரீ பதிவு செய்திருக்கிறார். அரபு மொழியின் ஆழம் கண்ட அவரையே தயங்க வைத்த சொல், அப்பிள்ளையின் எபிரேயப் பெயருக்குள் இருக்கிறது.

அப்படியானால் யஹ்யா என்னும் வடிவம்? வாழ்கிறான் என்று அரபியில் பொருள்படும் அப்பெயரை, தரிசாய்க் கிடந்த கருவறைக்கு அல்லாஹ் உயிரூட்டியதோடு தொடர்புறுத்தினர் முற்கால உரையாசிரியர். இந்நபியைப் போற்றும் இராக்கிய மந்தாயிகளின் நூல்கள் அவரை 'யஹ்யா யுஹானா' என இரு பெயராலும் அழைக்கின்றன. இரண்டுமே பழைய வழக்குகள் என்று கொள்ள இது இடந்தருகிறது. இதற்கு முன் இவர் பெயருள்ளவரை ஆக்கவில்லை என்று குர்ஆன் கூறுவதும் (19:7), உறவினர்கள் தந்தையின் பெயரையே பிள்ளைக்கு வைக்க முற்பட, உன் உறவில் இப்பெயருடையவர் எவருமில்லையே என்று தாயைக் கேட்டதாக லூக்கா கூறுவதும், ஒரே கருப்பொருளைத் தொடுகின்றன. பேச்சற்றிருந்த ஸகரிய்யா ஒரு பலகையைக் கேட்டு வாங்கிப் பெயரை எழுதிக் காட்டினார் என்பது லூக்காவின் செய்தி.

இவ்வியைபுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர் எகிப்திய அறிஞர் ரஊஃப் அபூ ஸஃதா. குர்ஆனில் வரும் வேற்றுமொழிப் பெயர்களுக்குக் குர்ஆனே பொருளுரைக்கிறது என்பது அவர் துணிபு. அவருடைய முடிபுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவில்லை. சில இடங்களில் அவர் சொற்களை வலிந்து பொருத்துகிறார். ஆனால் கேள்வியைச் சரியான திசையில் கேட்டவர் அவர்.

முற்கால அறிஞர்கள் இதில் எவ்வளவு கண்டிப்புடன் இருந்தார்கள் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். ஹிஜ்ரி 540-இல் மறைந்த அல்ஜவாலீகீ, அரபியில் கலந்த பிறமொழிச் சொற்களுக்கென்றே 'அல்முஅர்ரப்' என்னும் அகராதி செய்தவர். ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மத் ஆகிய நான்கைத் தவிர நபிமார்களின் பெயர்கள் அனைத்தும் வேற்றுமொழியினவே என்று அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். அரபு இலக்கணமும் இதற்குச் சாட்சி. இப்ராஹீம், இஸ்மாயீல், யூஸுஃப் போன்ற பெயர்கள் தன்வீன் ஏற்பதில்லை. இயற்பெயராகவும் வேற்றுமொழிச் சொல்லாகவும் இருப்பதே காரணம். நூஹ், லூத் ஆகியவை மூன்றெழுத்தாய் நடுவெழுத்து சுகூனுடையதாய் இருப்பதால் தன்வீன் ஏற்கும். குர்ஆனை ஓதும் ஒவ்வொருவரும் தாம் அறியாமலேயே இப்பெயர்களின் பூர்வீகத்தை நாவால் உறுதிசெய்கின்றனர்.

ஸமக்ஷரீ இந்த இலக்கண விதியையே அளவுகோலாக்கினார். இத்ரீஸ் என்பது 'தர்ஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது, அவர் மிகுதியாகக் கற்றதால் அப்பெயர் என்று சிலர் கூறியதைக் கஷ்ஷாஃபில் மறுக்கிறார். அரபுச் சொல்லாயின் அது தன்வீன் ஏற்றிருக்க வேண்டும். ஏற்காமையே அது வேற்றுமொழி என்பதற்குச் சான்று என்பது அவர் வாதம். அதே மூச்சில், யஃகூப் என்பதை 'அகப்' என்னும் வேரிலிருந்து பிறப்பிப்பதையும் தவறு என்கிறார். விதி சரியானது. ஆனால் எபிரேயமும் அரபியும் உடன்பிறந்த மொழிகள் என்பதை அவர் காலத்து இலக்கணம் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. யஃகூப் அரபியிலிருந்து பிறக்கவில்லை என்பது மெய். அப்பெயரின் வேர் அரபியிலும் இருக்கிறது என்பதும் மெய். இத்ரீஸ் விஷயத்திலும், அம்மொழியில் இதற்கு நெருங்கிய பொருள் இருந்திருக்கலாம் என்று அவரே ஒரு வாசலைத் திறந்து வைத்தார்.

சிதைவு என்னும் குற்றச்சாட்டுக்கும் விடை இவ்வுறவிலேயே உள்ளது. எபிரேயத்தின் 'ஷீன்' பல சொற்களில் அரபியில் 'ஸீன்' ஆகும்: ஷாலோம், ஸலாம், ஷாமஃ, ஸமிஅ. அவ்வொழுங்கில்தான் மோஷே மூஸாவாகவும், ஷெலோமோ ஸுலைமானாகவும் ஒலிக்கின்றன. இல்யாஸ், யூனுஸ் என்பவற்றின் இறுதி ஸகரம் எலியாஸ், யோனாஸ் என்னும் கிரேக்க வழக்கிலும் உள்ளது. பரோடாவில் 1938-இல் வெளிவந்த ஆர்தர் ஜெஃப்ரியின் நூல் இவ்வடிவங்களின் பயணத்தைச் சிரியாக், கிரேக்கம் வழியாகத் தேடுகிறது. அவருடைய தொனி நமக்கு உவப்பானதன்று. அவர் திரட்டிய தரவுகள் பயனுள்ளவை. ஷெலோமோ என்னும் பெயர் சமாதானத்தின் வேரிலிருந்து வந்தது. ஸபா நாட்டு அரசி 'அஸ்லம்து மஅ ஸுலைமான' என்று பணிவதில் (27:44) அவ்வேர் இருமுறை ஒலிக்கிறது.

இப்ராஹீம் என்னும் பெயரைப் பற்றி ஒரு செய்தி. ஆபிராம் என்பது ஆபிரகாம் என மாறியதை ஆதியாகமம் (17:5) திரளான மக்களின் தந்தை என்று விளக்கும். நம் உரையாசிரியர்களோ 'அப் ரஹீம்', இரக்கமுள்ள தந்தை, என்றனர். மாவர்தீ அதைச் சிரியாக் என்று கூறியதாகக் குர்துபீ எடுத்தெழுதுகிறார். இரண்டுமே ஒலியைப் பற்றிக்கொண்டு எழுந்த விளக்கங்கள் என்பதே நம் கருத்து. குர்ஆனின் எழுத்தமைதி இதனினும் சுவையானது. ஸூரா பகராவில் இப்பெயர் வரும் 15 இடங்களிலும் 'யா' எழுத்து இல்லாமல் எழுதப்பட்டுள்ளது. டமாஸ்கஸ் இமாம் இப்னு ஆமிரின் கிராஅத்தை ஹிஷாம் அறிவித்தபடி, குர்ஆனில் 33 இடங்களில் இப்பெயர் 'இப்ராஹாம்' என்றே ஓதப்படுகிறது. எபிரேய ஒலிக்கு மிக அண்மையான வடிவம் ஏழு கிராஅத்துகளுள் ஒன்றிலேயே பாதுகாக்கப்பட்டிருக்க, மறுப்பெழுதுவோர் அதை எடுத்தாளாதது வியப்பே.

இஸ்ராயீல் என்பதற்கு இறைவனோடு போராடியவன் என்று ஆதியாகமம் (32:28) கதை சொல்கிறது. 'இஸ்ரா' என்றால் அடிமை, 'ஈல்' என்றால் அல்லாஹ், ஆகவே அப்துல்லாஹ் என்பது பொருள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வந்துள்ளது. ஜிப்ரீல், மீகாயீல் பெயர்களுக்கும் இக்ரிமா இவ்வாறே பொருள் கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். எபிரேய அகராதி இவ்விளக்கத்துக்குத் துணைநிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் போராட்டக் கதைக்கும் பெயரின் அமைப்பு முழுமையாகத் துணைநிற்கவில்லை. எபிரேயத்தில் இவ்வகைப் பெயர்களில் 'எல்' பொதுவாக எழுவாயாகவே நிற்கும். இஷ்மாஎல் என்பதில் செவியுறுபவன் இறைவன் என்றால், இஸ்ராயீல் என்பதில் போராடுபவனும், அல்லது ஆள்பவனும், இறைவனே ஆகவேண்டும். ஈல் என்பது அல்லாஹ்வையே குறிக்கும் என்பதில் இப்னு அப்பாஸ் அவர்களும் இக்ரிமாவும் பிழைபடவில்லை.

மூஸா (அலை) அவர்களின் பெயர் இரு மொழிகளுக்கு நடுவே நிற்கிறது. தண்ணீரிலிருந்து எடுத்தேன் என்று ஃபிர்அவ்னின் மகள் கூறியதாக யாத்திராகமம் (2:10) எபிரேயப் பொருள் தருகிறது. எகிப்திய மன்னர் மகள் எபிரேயத்தில் பெயரிட்டிருப்பாளா என்னும் ஐயம் எவருக்கும் எழும். எகிப்திய மொழியில் 'மோஸ்' பிறந்தவன், பிள்ளை என்று பொருள்படும். துத்மோஸ் போன்ற பெயர்களில் அதைக் காணலாம். தெய்வத்தின் பெயர் முன்னே ஒட்டாமல் வெறும் 'பிள்ளை' என்றே நின்றுவிட்ட பெயர் இது என்றால் அதுவும் பொருத்தமே. ஈஸா (அலை) அவர்களின் பெயர் எபிரேயத்தில் 'யேஷூஅ'. இறைவன் மீட்கிறான் என்னும் பொருளுடையது. குர்ஆன் வடிவம் எவ்வழியில் அமைந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை; கீழைச் சிரியாக் கிறிஸ்தவர்களின் 'ஈஷோ' அதற்கு நெருங்கியது.

தமிழில் இப்பெயர்கள் இரு துறைகளில் வந்திறங்கின. அரபு வழியில் வந்தவை இசுமாயில், இபுறாகீம், மூசா, தாவூது, சுலைமான், யாகூபு என்று ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்னும் பட்டங்களோடு நம் பழைய பத்திரங்களில் இடம்பெற்றன. விவிலிய மொழிபெயர்ப்புகளின் வழியில் வந்தவை இஸ்மவேல், ஆபிரகாம், மோசே, தாவீது, சாலொமோன், யாக்கோபு ஆயின. ஒரே வகுப்பில் அருகருகே அமரும் யஹ்யாவும் யோவானும் தாங்கள் ஒரே மனிதரின் பெயரைத் தாங்கியிருப்பதை அறிவதில்லை. ஆசிரியரும் அறிவதில்லை.

மதீனாவில் யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவியவரின் அரபுப் பெயரான ஹுஸைன் என்பதை அண்ணலார் அப்துல்லாஹ் என மாற்றினார்கள். அவரே அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி). அவருக்கு மகன் பிறந்தபோது, அக்குழந்தையைத் தம் மடியில் இருத்தி அண்ணலார் இட்ட பெயர் யூஸுஃப். தமக்குப் பிறந்த மகனுக்குத் தம் தந்தை இப்ராஹீமின் பெயரைச் சூட்டியதாகவும் அறிவித்தார்கள். யூதனின் மகள் என்று தம்மைச் சொன்னதைக் கேட்டு அன்னை ஸஃபிய்யா (ரலி) அழுதுகொண்டிருந்த வேளையில், நீ ஒரு நபியின் மகள், உன் தந்தையின் சகோதரரும் ஒரு நபி என்று அண்ணலார் ஆறுதல் கூறியதைத் திர்மிதீ பதிவு செய்திருக்கிறார். ஸஃபிய்யா (ரலி) ஹாரூன் (அலை) அவர்களின் வழித்தோன்றல். நஜ்ரான் மக்கள் கேட்ட அதே ஹாரூன்.